பொருள்: பாய்மரப் படகின் ஷாஃப்ட் நடுங்குவது தொடர்பாக

1.

இந்தக் கதை ஒரு புகார்க் கடிதத்திலிருந்து வந்தது. கடிதத்தை எழுதியவன் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் அசிங்கம்.

ராயபுரத்தில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் கிருஷ்ணப்பன் இருக்கிறார். பெரிய தொழிற்சாலை ஒன்றில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பின் சிலர் பேரனைப் பள்ளிக்கு அழைத்துப் போவார்கள். இவர் பாய்மரப் படகு வாங்கினார். முப்பதடி நீளம், ஃபைபர் உடம்பு, வயிற்றுக்குள் டீசல் இன்ஜின். பாயும் உண்டு. அது விரிந்ததை இதுவரை யாரும் பார்த்ததில்லை. இன்ஜினைப் போட்டுப் போவார், இன்ஜினைப் போட்டுத் திரும்புவார்.

அந்த இன்ஜினிலிருந்து ஒரு நீண்ட இரும்புத் தண்டு படகின் அடியைத் துளைத்து வெளியே போய், தண்ணீருக்குள் ப்ரொப்பெல்லரைச் சுற்றுகிறது. ஷாஃப்ட் என்பார்கள். மே மாதம் அதைக் கழற்றிச் சரிபார்த்து மாட்டியவர் மலர்க்கொடி என்ற மெக்கானிக். மாட்டிய பத்தாம் நாள் படகு நடுங்கியது. கிருஷ்ணப்பன் என் கதவைத் தட்டினார்.

நான் படித்தது சிற்றூர்ப் பள்ளி. அங்கே கடிதத்துக்குப் பத்து மதிப்பெண். நான் ஒருபோதும் ஒன்பதுக்குக் கீழே வாங்கியதில்லை. அனுப்புநர், பெறுநர், பொருள், எல்லாம் முறையாக எழுதினேன். "மேற்படி பணியாளரின் கவனக்குறைவால் எங்கள் உயிருக்கே ஆபத்து" என்று ஒரு வரி. அது என் சொந்தச் சரக்கு. நல்ல வரி. அந்த வரியால்தான் மலர்க்கொடியை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

2.

தொடக்கம், முதல் முயற்சி: "வங்கக் கடலின் நீலப் பரப்பில் இளங்காலைச் சூரியன்..." இல்லை. எங்கள் பக்கத்துக் கடலுக்கு டீசல் நிறம்.

இரண்டாம் முயற்சி: "மலர்க்கொடியின் கைகளில் கிரீஸ் கோலம் போட்டிருந்தது." அவர் இதைப் படித்தால் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வருவார்.

மூன்றாவது: மலர்க்கொடிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

இது நிற்கும். இதிலிருந்தே போகலாம்.

மலர்க்கொடிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. மீன்பிடித் தடைக்காலம் முடிய அவ்வளவுதான் பாக்கி. அந்த இரண்டு மாதமும் விசைப்படகுகள் எல்லாம், இங்கே லாஞ்சு என்பார்கள், பழுதுபார்க்கக் கரையேற்றும் மேடையில் வரிசையாக நிற்கும். அப்போது ஒரு படகைத் தொட்ட மெக்கானிக்தான் அடுத்த தடைக்காலம் வரைக்கும் அந்தப் படகுக்கு மெக்கானிக். நடுவில் யாரும் ஆளை மாற்ற மாட்டார்கள். இந்த ஒன்பது நாளில் மேடைக்குத் திரும்பாவிட்டால் அவருக்கு ஓர் ஆண்டு வேலை கிடையாது. ஓர் ஆண்டு ஒதுங்கி நின்ற ஆளை அதற்கு அடுத்த ஆண்டு யார் கூப்பிடுவார்கள்?

"லெட்டர் வந்துகீதுக்கா," என்றான் மேடை மேஸ்திரி டில்லிபாபு. எந்தப் படகு ஏறலாம், எந்த ஆள் தொடலாம் என்பதெல்லாம் அவன் சொல்வதுதான். "உயிருக்கே ஆபத்துன்னு போட்டுகீறாங்க. நாளைக்கு ஒரு லாஞ்சு முழுகுனா என்னியத்தான் புடிச்சு உலுக்குவாங்க."

"பதினேழு வருசத்துல என் கை பட்டு எத்தினி லாஞ்சு முழுகிச்சு நைனா?"

"ஒண்ணும் முழுகல. ஆனா லெட்டரும் வந்ததில்லியே."

"இப்ப இன்னா பண்ணணும்ன்ற?"

"அந்தாளோட பாய்மர போட்டு ஏன் ஆடுதுன்னு கண்டுபுடி. வந்து சொல்லு. இல்லாங்காட்டி எர்ணாவூர்லேர்ந்து ஒரு ஆளு கேட்டுகினே கீறான், அவன வுட்டுடுவேன். பேஜார் பண்ணாதக்கா."

3.

[கிருஷ்ணப்பன் மேல் எனக்குச் சந்தேகம். இந்தக் கதையின் முதல் படியில் அவருக்கு முறுக்கு மீசையும் வில்லச் சிரிப்பும் கொடுத்திருந்தேன். உண்மையில் அவர் தினம் இரண்டு வேளை மாத்திரை போடுகிற, லிஃப்டில் யாருக்கும் கதவைப் பிடித்து நிற்கிற மனிதர். லிஃப்டிலும் கேப்டன் தொப்பியோடுதான் நிற்பார், அது வேறு விஷயம். கெட்டவராக இருந்திருந்தால் நான் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். நல்ல மனிதர் கேட்கிறாரே என்றுதான் எழுதினேன்.]

4.

சனிக்கிழமை காலை மலர்க்கொடி படகுக்குப் போனார். கிருஷ்ணப்பன் படகுப் பராமரிப்புப் புத்தகம் ஒன்றோடு காத்திருந்தார். பென்சிலால் அடிக்கோடு போட்ட புத்தகம்.

"ஓட்டுங்க சார்."

ஓட்டினார். வேகம் ஏறியதும் தரைப்பலகை உதற ஆரம்பித்தது. மேஜை மேல் இருந்த காபிக் கோப்பை தானாக நகர்ந்து விளிம்புக்கு வந்தது.

"பாத்தியாம்மா? ஷாஃப்ட் வளைஞ்சாதான் இப்படி இருக்கும். இதோ போட்டிருக்கான்."

"புக்க கொஞ்சம் தள்ளி வைங்க சார், கிரீஸ் பட்டுடும்."

கியரைப் பிரித்துவிட்டு அதே வேகத்தில் இன்ஜினை மட்டும் ஓட்டச் சொன்னார் மலர்க்கொடி. கோப்பை அசையவில்லை. ஆக, நோய் இன்ஜினில் இல்லை, அதற்குப் பின்னால். இன்ஜினை அணைத்துவிட்டு, ஒரு கம்பித்துண்டை ஷாஃப்டில் பட்டும் படாமலும் நிறுத்திக் கட்டினார். கையால் ஷாஃப்டைச் சுற்றினார். முழுச் சுற்றிலும் இடைவெளி மாறவில்லை. அது வளையவில்லை, புத்தகம் பொய். பிறகு டி-ஷர்ட்டோடு தண்ணீரில் இறங்கி, மூச்சைப் பிடித்து, ப்ரொப்பெல்லரின் இலைகளைத் தடவிப் பார்த்தார். வலைக்கயிறு ஏதும் சுற்றவில்லை. இலையில் பிசிறும் இல்லை.

மிச்சம் இருந்தது கப்ளிங். இன்ஜினின் வட்டத்தகடும் ஷாஃப்டின் வட்டத்தகடும் முகத்தோடு முகம் சேரும் இடம். போல்ட்டைக் கழற்றி, காகிதம் போல மெல்லிய அளவுத்தகட்டை நடுவில் விட்டார். மேலே நுழையவில்லை. கீழே அரை மில்லிமீட்டர் தாராளமாக நுழைந்தது.

மாட்டும்போது இந்த வாய் இப்படித் திறந்திருக்கவில்லை. கரையில் அல்ல, படகைத் தண்ணீரில் இறக்கி இரண்டு நாள் ஊறவிட்டு அளந்தவர் அவர். இன்ஜின் நகர்ந்ததா? இன்ஜின் கால் நட்டுகளின் குறுக்கே அவர் இழுத்த பெயின்ட் கோடு உடையாமல் இருந்தது. இன்ஜின் நகரவில்லை, ஷாஃப்ட் வளையவில்லை. பிறகு நகர்ந்தது எது?

அப்போது கிருஷ்ணப்பன், பொழுது போகாமல், பாய்மரத்திலிருந்து பின்பக்கம் இறங்கும் இரும்புக் கம்பியை விரலால் சுண்டினார். அது பாடியது.

"வீணை மாதிரி இழுத்து வெச்சிருக்கேன், கேட்டியா?"

"எப்ப சார் இழுத்தீங்க?"

"நீ முடிச்சுட்டுப் போன மறுநாள். பூஜை போட்டோமில்ல? ஃபோட்டோல கம்பி தொளதொளன்னு தொங்கினா நல்லாவா இருக்கும்?"

மலர்க்கொடி கப்ளிங் பக்கம் குனிந்தார். அளவுத்தகட்டை மறுபடி கப்ளிங்கின் கீழ் வாயில் விட்டுப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கம்பிய லூஸ் பண்ணுங்க சார்," என்றார். கிருஷ்ணப்பன் ஒரு சுற்று தளர்த்தினார். இன்னொன்று. தகடு இறுகியது. ஆறாவது சுற்றில் அசைக்க முடியவில்லை.

"நீங்க மேல கம்பிய இழுக்குறீங்க, கீய உங்க போட்டு வில்லு கணக்கா வளையுது சார்."

பிறகு கம்பியை முன்போலவே இழுக்கச் சொல்லி, அந்த வளைவுக்கு ஏற்ப இன்ஜினின் கால்களை ஏற்றி இறக்கி, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சேர்த்தார். மறுபடி ஓட்டியபோது கோப்பை வைத்த இடத்தில் இருந்தது.

5.

[இரண்டாம் படியில் மலர்க்கொடி இங்கே கிருஷ்ணப்பனைப் பார்த்து, "பாத்தீங்களா, எல்லாம் உங்க வேலை" என்று ஒரு வசனம் பேசினார். நல்ல வசனம். கதை அங்கேயே முடிந்து நானும் தப்பித்திருப்பேன். அவர் பேசியது அதுவல்ல.]

"அப்போ யார் மேல தப்பு?" என்று கேட்டார் கிருஷ்ணப்பன்.

"உங்களுது பாதி, என்னுது பாதி. கம்பிய இழுத்து வச்சு அளந்திருக்கணும். லாஞ்சுல இந்தக் கம்பியே கெடையாது சார், எனக்குத் தோணல."

"அப்போ ஒத்துக்கிறே."

"ஒத்துக்கினேன். புகார வாபஸ் வாங்கிக்கங்க."

"நீயே ஒத்துக்கிட்டியேம்மா, அப்புறம் நான் எதுக்கு வாபஸ் வாங்கணும்?" என்று உண்மையாகவே புரியாமல் கேட்டார் அவர்.

6.

டில்லிபாபுவிடம் மலர்க்கொடி அதையே ஒரு சொல் மாற்றாமல் சொன்னார். அவன் சிரித்துவிட்டான்.

"பாய்மரத்துக் கம்பியா? அந்தத் தப்ப இங்க நீ நெனச்சாலும் பண்ண முடியாதுக்கா. இதுக்கெல்லாம் யாரு ஆள நிறுத்துவாங்க? நான் நிறுத்துனது சாட்சிக்கு, அது இன்னும் கீதே."

"இன்னா சாட்சி?"

கடிதத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். "கப்ளிங் போல்ட்டுகளை முடுக்காமல் விட்டுச் சென்றதை நேரில் கண்டேன்." கீழே கையெழுத்து. கிருஷ்ணப்பனுடையது அல்ல.

ஆமாம். இதை முதல் பகுதியிலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. சாட்சி இல்லாத புகார் உப்பில்லாத உப்புமா மாதிரி இருக்கும் என்று எனக்குத் தோன்றியது, அதனால் ஒரு சாட்சியைச் சேர்த்தேன். பக்கத்தில் வேறு ஆள் இல்லாததால் நானே ஆனேன். அந்தப் படகை நான் பார்த்ததில்லை.*

* மேலே நான்காம் பகுதியில் கோப்பை நகர்ந்ததெல்லாம் மலர்க்கொடி சொல்லக் கேட்டது. நீங்கள் நம்பினீர்கள் அல்லவா? டில்லிபாபுவும் அப்படித்தான் நம்பினான்.

"போல்ட்டு வுட்ட ஆள எப்டிக்கா மேடைல ஏத்துவேன்? அந்த சாட்சி, நான் பாக்கலன்னு எழுதிக் குடுக்கட்டும். அன்னைக்கே வா."

அன்று மாலையே மலர்க்கொடி என் வீட்டு வாசலில் நின்றார்.

"நீங்கதானா சார் அந்த நேர்ல பாத்த சாட்சி?"

"வாங்க, உட்காருங்க."

"ஒக்காரல. எந்த போல்ட்ட சார் வுட்டேன்? எடதா, வலதா?"

ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. "வலது," என்றேன்.

"நாலும் வட்டமா கீது சார். சுத்துற சாமான். எடது வலதுலாம் கெடையாது."

7.

எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். எழுதினேன். இந்தக் கதையை.

மூன்று நாள் கழித்து, மலர்க்கொடியை டீக்கடையில் உட்கார வைத்து, மூன்று முடிவுகளைப் படித்துக் காட்டினேன்.

(அ) கிருஷ்ணப்பன் மனம் உருகி, தொப்பியைக் கழற்றி, புகாரைக் கிழிக்கிறார்.

(ஆ) மேடையில் நிற்கும் அத்தனை விசைப்படகுக்காரர்களும் மலர்க்கொடி வராமல் படகை இறக்க மாட்டோம் என்று சொல்லிவிடுகிறார்கள்.

(இ) மலர்க்கொடி வள்ளூர்ப் பக்கம் சொந்தமாகப் பட்டறை தொடங்குகிறார்.

"மூணாவதுல ஏசி கீதா சார்?" என்றார் மலர்க்கொடி.

"சேர்த்துவிடலாம்."

"ரெண்டாவது டுபாகூர். அவனவன் பொயப்பு அவனவனுக்கு. எர்ணாவூர் ஆளு நேத்தே ரெண்டு லாஞ்சு தொட்டுட்டான், எவனும் இன்னான்னு கேக்கல." டீயை உறிஞ்சினார். "நீங்க எய்துனத்த டில்லி படிப்பானா?"

"கதை படிக்கிற ஆள் இல்லையே அவன்."

"லெட்டர் படிப்பான்ல?"

நான் காகிதங்களை அடுக்கினேன்.

"அப்ப இன்னாத்துக்கு சார் இத்தினி பக்கம்? நாலு வரி. நான் அந்த போட்டையே பாத்ததில்ல, பொய்யா கையெய்த்து போட்டேன். அவ்ளோதான். பதினேழு வருசம் நான் முடுக்குனத்த ஒரு வரில கழட்டுனீங்கல்ல? ஒரு வரில மாட்டுங்க."

"அப்படி எழுதினால் என் பேர்..."

"உங்க பேரு கீது சார். அது எங்க போவப் போவுது?" என்று எழுந்துவிட்டார்.

இதை எழுதும்போது தடைக்காலத்தில் இன்னும் இரண்டு நாள் பாக்கி. மேஜையின் வலப்பக்கம் இந்தக் கதை. இடப்பக்கம் ஒரு வெள்ளைத் தாள். அதில் அனுப்புநர், பெறுநர், பொருள், நாள் எல்லாம் முறையாக இருக்கிறது. "ஐயா, நான்" வரை வந்திருக்கிறது. அதற்கு மேல் மூன்று நாளாக ஒரு சொல் வரவில்லை. கதை மட்டும் மளமளவென்று வருகிறது. எவ்வளவு நேர்மையாக வருகிறது பாருங்கள்.

நீங்கள் இதைப் படிக்கும்போது படகுகள் கடலுக்குப் போயிருக்கும். முடிவு வேண்டுமென்றால் என்னிடம் கேட்காதீர்கள். அவை திரும்புகிற நேரத்துக்கு மேடைப் பக்கம் போய், ஏதாவது ஒரு லாஞ்சை நிறுத்தி, உன் ஷாஃப்டை மாட்டியது யார் என்று கேளுங்கள். ஒரு பெயர் சொல்வார்கள்.

என்ன பெயர் என்று எனக்கு எழுத வேண்டாம்.