நெருக்கி நட்ட காடு

எண்பத்திரண்டில், மழை பிடிப்பதற்கு ஒரு வாரம் முன்னால், தாராவியில் ஒரு பள்ளிக்கூடத்தின் பின்புறக் கட்டாந்தரையில் சயின்ஸ் வாத்தியார் பிரம்மநாயகம் காடு போட்டார். நொச்சி, புங்கன், நாவல், அத்தி என்று இந்த மண்ணில் தானாக முளைப்பவையாகப் பார்த்து, முழத்துக்கு ஒன்றாக நட்டார். நெருக்கி நட்டால் வெளிச்சத்துக்குப் போட்டி போட்டுக்கொண்டு வளருமாம்.

"இன்னுங் கொஞ்சம் நெருக்குனா என்ன சார்?" என்றாள் ஆறுமுகத்தாய். அவள் மகள் ருக்கு அங்கே ஆறாவது படித்தாள்.

"இதுக்கு மேல நெருக்குனா காடு இல்லம்மா, தாராவி."

அவள் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரே சண்டாஸ், அதாவது கக்கூஸ், வாத்தியார்களுக்கு; பூட்டு உண்டு. பையன்களுக்குச் சுவர் இருந்தது. பெண்பிள்ளைகள் அடக்கிக்கொண்டார்கள். பெரியவளானதும் பள்ளிக்கூடத்தை விட்டே நின்றுகொண்டார்கள். ருக்குவின் அப்பா வெயிலுமுத்தும் தீர்ப்புச் சொல்லியிருந்தான்: "சமஞ்சிட்டான்னா படிப்பு கட். மாசத்துல மூணு நாளு எங்கட்டி ஒதுங்குவா?"

ஆக, செடி முந்துமா மகள் முந்துவாளா என்று பந்தயம். ஆறுமுகத்தாய் செடியின் கட்சி. குழாயடியில் வாய்ச்சண்டை போட்டுப் பிடிக்கும் இரண்டு குடத்தில் ஒன்று தினமும் காட்டுக்குப் போனது. இயற்கையின் மேல் இத்தனை பாசமா என்று பிரம்மநாயகம் கண்கலங்கினார்.

இரண்டாம் மழையில் காடு ஆள் உயரம் வந்தது. அந்த ஆடியிலேயே ருக்கு சமைந்தாள். சடங்கு முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். இடைவேளையில் சிநேகிதியைக் காவல் நிறுத்திவிட்டு இலைக்குள் புகுந்தாள். மறுவாரம் ஏழு பேர் புகுந்தார்கள். வெயிலுமுத்து தீர்ப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டான்.

டிசம்பரில், பசுமைப் பரிசுக்குப் பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். குனிந்து பார்த்தார், எட்டிப் பார்த்தார். உள்ளே இருப்பது எதுவும் தெரியவில்லை என்று முகம் சுளித்தார். போட்டோவுக்கு அடி சுத்தமாக விழ வேண்டும், நெஞ்சுயரம் வரை கிளைகளைக் கழிக்கச் சொன்னார். கழித்தார்கள். காட்டுக்கு அந்தப்புறம் சுவர் தெரிந்தது. சுவர்மேல் உட்கார்ந்து விசிலடிக்கும் பையன்களும் தெரிந்தார்கள்.

முதல் பரிசு. பிரம்மநாயகம் வீடு தேடியே வந்துவிட்டார்.

"மேடையில நீங்களும் நிக்கணும்மா. தண்ணி ஊத்துனது நீங்கல்லா!"

"சார், கழிச்ச எடத்துல மறுபடி எப்ப துளுக்கும்?"

"அடியிலயா? அதான் மேல நெழலு கட்டிட்டே. இனிமே உசரத்தான் போவும்," என்றார் பெருமையாக.

திங்கட்கிழமை ருக்கு, உதுமான் பாய் பட்டறைக்குப் பொத்தான் தைக்கப் போனாள். அங்கே சண்டாஸ் இருந்தது. அதற்குக் கதவும் இருந்தது.