நான்கு நாள் சிலுவைக்காரன்

பாதயாத்திரை கிளம்பிய அன்று காலையில் நர்ஸக்கா மரச்சிலுவையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அவர்தான் யாத்திரைக்குத் தலைவி. நாற்பது பேர் நிற்கும்போது என்னைத் தேடி வந்து கொடுக்கிறார் என்றால் காரணம் இல்லாமலா? எங்கள் பங்குக் கோயிலின் வெளிச்சுவர் முழுக்க நான் பூசியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்தில் நின்ற மைத்துனனை ஒரு பார்வை பார்த்தேன்.

எட்டு மாதத்துக்கு முன்பு சாரத்திலிருந்து விழுந்து என் வலது கால் முறிந்தது. முப்பது வருடக் கொத்தனார் விழலாமா என்று கேட்காதீர்கள், யானைக்கும் அடி சறுக்கும். எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நம்பாதவர் எங்கள் மேஸ்திரிதான்.

"அஞ்சு நாள் நடந்து மாதா கோயிலுக்குப் போ. கூட வர்ற வேன்ல ஏறாம போய்ச் சேந்தா திங்கக்கிழமை சாரத்துல ஏறு. இல்லன்னா குடோன்ல உக்காந்து சிமெண்டு மூட்டைக்குக் காவல் இரு" என்றார்.

அந்தக் குடோன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் நான் கொத்தனாரே இல்லை. மைத்துனனோ, கோயில் வாசலிலேயே எல்லோரிடமும் சொல்லிவிட்டான்: "மாமா ரெண்டாம் நாளே வேன்ல ஏறிடுவாரு, பாருங்க." அவன் பேக்கரி வைத்திருக்கிறான். அடுப்புக்கும் மேசைக்கும் நடுவே நாலு எட்டு வைப்பதுதான் அவன் நடை. அந்த வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை.

வயல்களுக்கு நடுவே மண்பாதை. பின்னால் ஜெபமாலை சொல்லிக்கொண்டு கூட்டம், முன்னால் சிலுவையோடு நான். குறுக்குச் சட்டம் ஒரு விரற்கடை சரிந்திருந்தது. செய்தவன் மட்டம் பார்க்கிற ரசமட்டத்தைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டான். சற்றே சாய்த்துப் பிடித்து நானே சரி பண்ணிக்கொண்டேன்.

ஒருவரும் என்னை முந்தவில்லை. கல்லூரிப் பெண்கள் இருந்தார்கள், ஓட்டப்பந்தய வாத்தியார் ஒருவர் இருந்தார், அவர்கூட எனக்குப் பின்னால்தான். நான் தண்ணீர் குடிக்க நின்றால் நாற்பது பேரும் நின்றார்கள். அடேயப்பா, என்ன மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மேட்டில் கால் வீங்கிவிட்டது. வேன் பக்கத்தில் வந்து நின்றது. டிரைவர் கதவைத் திறந்தார்.

"ஏறுங்கண்ணே, மேடு முடிஞ்சதும் இறங்கிக்கலாம்."

"சிலுவையைத் தூக்கிட்டு வேன்ல போனா மாதா சிரிக்க மாட்டாங்களா? நீ போய்யா!"

கூட நடந்து வந்த என் மனைவி கிட்டே வந்தாள். என் முதுகுப் பையைக் கழற்றி அவள் மாட்டிக்கொண்டாள். அந்த மேட்டை ஏறி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

ஐந்தாம் நாள் காலை. தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். நர்ஸக்கா வந்தார், என் பக்கத்தில் சாய்த்திருந்த சிலுவையை எடுத்தார், போய் மைத்துனனிடம் கொடுத்துவிட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"நான் என்ன தப்பு பண்ணேன்? போயும் போயும் அவன்கிட்டயா?"

மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். "கத்தாதீங்க. கூட்டத்துல யாரு ரொம்ப மெதுவா நடக்குறாங்களோ அவங்ககிட்டதான் சிலுவையைக் கொடுப்பாங்க. சிலுவையை யாரும் முந்தக் கூடாது. அப்பதான் ஒருத்தரும் தனியா பின்தங்க மாட்டாங்க."

"அப்போ நாலு நாளா...?"

"நாலு நாளா எல்லாரும் உங்க நடைதான் நடந்தாங்க."

"உனக்குத் தெரியுமா இது?"

"வேன் டிரைவருக்கே தெரியும்."

தரை பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. அந்த ஓட்டப்பந்தய வாத்தியாரை நினைத்தேன். பாவம், நாலு நாள் எனக்குப் பின்னால் ஊர்ந்து வந்திருக்கிறார். முகம் சுளிக்கவில்லை மனிதர். வெட்கம் கொஞ்சம் அடங்கிய பிறகுதான் மீதி உறைத்தது.

"இன்னைக்கு அவன்கிட்ட கொடுத்துட்டாங்கன்னா..."

"புது ஷூ போட்டுட்டு வந்து ரெண்டு குதிகாலும் கொப்பளம். இன்னைக்கு அவன்தான் மெதுவு. நீங்க இல்ல."

என் கண் நிறைந்துவிட்டது. சொல்லிக்கொள்வதில் எனக்கென்ன வெட்கம்?

மைத்துனன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நொண்டி நொண்டி வந்தான். "பாத்தீங்களா மாமா? கோயிலுக்குள்ள நுழையுற நாளு. நம்மகிட்டதான் கொடுத்திருக்காங்க!"

மனைவி என்னைப் பார்த்தாள். பதில் என் நாக்கு நுனியில் நின்றது. நாலு நாள் நாற்பது பேர் வாயை மூடிக்கொண்டு வந்தார்களே, எனக்கு ஒரு நாள் முடியாதா?

"உனக்குக் கொடுக்காம வேற யாருக்கு மாப்ள கொடுப்பாங்க?" என்றேன்.

மதியம் கோயில் கோபுரம் தெரிந்தது. எல்லோரும் பாட ஆரம்பித்தார்கள், நானும் பாடிக்கொண்டே நடந்தேன். திடீரென்று பின்னாலிருந்து நர்ஸக்காவின் சத்தம்.

"அண்ணே! சிலுவையைத் தாண்டிப் போறீங்க! எங்க இவ்வளவு வேகமா? நில்லுங்க!"

திரும்பிப் பார்த்தேன். கூட்டம் இருபதடி பின்னால் வந்துகொண்டிருந்தது. எட்டு மாதமாக எல்லோரும் இந்தக் காலைப் பார்த்து நட நட என்றுதான் சொன்னார்கள். நில் என்று ஒருவர் அதட்டியது அன்றைக்குத்தான். நான் நின்றேன், மைத்துனன் வந்து சேரட்டும் என்று.