பர்னர் சத்தம்

"சத்தம் எப்படி இருக்கு?" என்று என் கணவர் ஏழாவது தடவையாகக் கேட்டபோது நான் கொடியில் போர்வையை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, பத்து மணி இருக்கும்.

"நல்லாத்தான் இருக்கு."

"நல்லான்னா எப்படி? சீரா வருதா, விட்டு விட்டு வருதா?"

"ஒரே சீரா உறுமுது. போதுமா? இன்னும் ரெண்டு வாளி துணி கிடக்கு எனக்கு."

அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். வாரத்தில் ஐந்து நாள் நாற்பது பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமையானால் இரும்பு. எட்டு மாதத்துக்கு முன்னால் போனில் யாரோ இரும்பைப் பழுக்கக் காய்ச்சிக் கத்தி அடிப்பதைப் பார்த்துவிட்டு வந்த வினை இது. பின்கட்டில் தகரக் கொட்டகை இருந்தது. அதில் கிடந்த என் உடைந்த அலமாரி, பழைய கட்டில் எல்லாவற்றையும் ஒரே நாளில் அப்புறப்படுத்திவிட்டு, எங்கிருந்தோ ஒரு தண்டவாளத் துண்டைத் தூக்கி வந்து நடுவில் வைத்தார். உலையும் சொந்தத் தயாரிப்புதான். பெரிய பெயின்ட் டின்னுக்குள் சூடு தாங்கும் வெள்ளைப் பஞ்சைச் சுற்றி, அடியில் சூளைச் செங்கல் போட்டு, பக்கவாட்டில் ஓட்டை போட்டு ஒரு இரும்புக் குழாயைச் செருகியிருந்தார். அந்தக் குழாய்தான் பர்னர். இதுவரை அந்தப் பட்டறையிலிருந்து வெளிவந்த பொருட்கள்: சுவரில் மாட்டுகிற கொக்கி இரண்டு, பாட்டில் திறப்பான் ஒன்று. கொக்கியில் ஒன்று என் கைப்பையின் கனம் தாங்காமல் தலைகுனிந்துவிட்டது.

பர்னர்தான் மூன்று வாரமாக அவரை ஆட்டிவைத்துக்கொண்டிருந்தது. ஊசிமுனை அளவு துளை வழியாக கேஸ் சீறிக்கொண்டு குழாய்க்குள் போகும். போகிற வேகத்தில் பின்பக்கமிருந்து காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். காற்று குறைந்தால் மஞ்சள் தீ உலைக்கு வெளியே நீளும். கூடினால் தீ நிலைகொள்ளாமல் துப்பும். பின்னால் இருக்கிற தகரத் தட்டைத் திருகித் திருகி, இரண்டுக்கும் நடுவில் ஒரு இடத்தைப் பிடிக்க வேண்டும். அந்த இடம் கண்ணுக்குத் தெரிவதைவிடக் காதுக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று எங்கோ படித்துவிட்டு வந்து எனக்குப் பாடம் நடத்தினார். அதிலிருந்துதான் இந்த 'சத்தம் எப்படி இருக்கு'. மனுஷன் பாராட்டுக்கு ஏங்குகிறார் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை டிரைவர்களுக்கெல்லாம் வருஷாந்திர உடல் பரிசோதனை. நோட்டீஸ் வந்த நாளிலிருந்தே ஆள் சரியில்லை. எரிந்து விழுவார், இல்லையென்றால் கொட்டகைக்குள் போய்விடுவார். சர்க்கரைக்குப் பயப்படுகிறார் என்று நினைத்து டீயில் சீனியைப் பாதியாகக் குறைத்திருந்தேன்.

பதினொரு மணிக்கு மேல் நான் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு நேரே கொட்டகை. உலை நன்றாகச் சூடேறி உள்ளே ஆரஞ்சு நிறத்தில் ஜொலித்தது. அவர் இடுக்கியால் பழுத்த இரும்புக் கம்பியை வெளியே எடுத்தார்; கேஸ் வீணாகக்கூடாதென்று ரெகுலேட்டரைக் கொஞ்சம் குறைத்தார்; உலைக்கு முதுகைக் காட்டித் திரும்பித் தண்டவாளத்தின் மேல் வைத்து அடிக்க ஆரம்பித்தார். நாலு அடி விழுந்திருக்கும். உறுமல் தடுமாறியது. ஸ்டார்ட் ஆகாத மோட்டார் சைக்கிள் போலப் படபடவென்று இழுத்தது, பிறகு 'பொக்' என்று ஒரு சத்தம், பிறகு வேறு மாதிரியான ஒரு சீறல். உலையின் வாய் இருண்டுவிட்டது. தீ குழாய்க்குள் பின்வாங்கிவிட்டது என்று எனக்கே தெரிந்தது. முதல் நாளே அவர்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்: தீ பைப்புக்குள்ள போயிட்டா ஒரு நிமிஷம்கூட யோசிக்கக் கூடாது, கேஸை மூடணும்.

கத்தினேன். சுத்தியல் விழுந்துகொண்டே இருந்தது. சரி, சத்தத்தில் கேட்கவில்லை. பிறகு அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். கம்பியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து நேராக இருக்கிறதா என்று பார்த்தார். அந்த அமைதியில் நான் தொண்டை கிழியக் கத்தினேன். "என்னங்க! கேஸை மூடுங்க!" பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. மாடி வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். பத்தடி தூரத்தில் நின்ற என் கணவர் திரும்பவில்லை. கம்பியைப் புரட்டிப் போட்டு மறுபடியும் அடிக்க ஆரம்பித்தார்.

குழாயின் கழுத்து சிவக்க ஆரம்பித்திருந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி மாட்டியிருந்த ரப்பர் ஹோஸிலிருந்து மெல்லிய புகை எழுந்தது. சோப்புக் கையோடு ஓடினேன். சிலிண்டர் கொட்டகைக்கு வெளியே சுவரோரம் இருந்தது. பதற்றத்தில் அதன் வால்வைத் திறக்கிற பக்கம் திருகினேன். அது ஏற்கெனவே முழுசாகத் திறந்திருந்ததால் அசையவில்லை. கை வழுக்கியது. புடவைத் தலைப்பைச் சுற்றிப் பிடித்து மறுபக்கம் திருகினேன். சீறல் இளைத்து இளைத்து நின்றது. அதற்குப் பிறகும் அவர் நாலு அடி அடித்தார்.

கம்பியை மறுபடி காய வைக்கத் திரும்பியவர் உலையைப் பார்த்தார். பிறகு என்னை.

"ஏன் அணைச்ச?"

ஹோஸைக் காட்டினேன். கிட்டே போய்க் கையுறையோடு தொட்டார். ரப்பர் கறுப்பாக உருகி விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. அவர் முகம் வெளிறியது.

"நான் கத்தினேன்."

"சுத்தியல் சத்தத்துல..."

"சுத்தியலைக் கீழ வச்சிட்டு நின்னீங்களே, அப்பக் கத்தினேன். மாடி வீட்டுக்காரருக்குக் கேட்டுச்சு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். மாடி வீட்டுக்காரர் இன்னும் ஜன்னலில்தான் நின்றார். "ஒன்னுமில்ல சார், ஒன்னுமில்ல!" என்றார் இவர், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

அந்தக் குரலைக் கேட்டதும்தான் எனக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. டிவி அலறுவது. போனை எப்போதும் ஸ்பீக்கரில் போடுவது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாகிறது. பெண்டாட்டி சொல்வது காதில் விழாமல் இருப்பது ஆண்களின் பொது வியாதி என்று நினைத்து நானும் குரலை உயர்த்திக்கொண்டே போயிருக்கிறேன். பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற அக்கா போன மாதம் என்னைக் கடையில் பார்த்துச் சொன்னார்: "உங்க வீட்டுக்காரர் மாதிரி கவனமா ஓட்டறவங்களப் பாத்ததே இல்ல. நான் வாயால சொன்னா நம்பவே மாட்டாரு. கண்ணாடியில பாத்து நான் கையாட்டினாத்தான் வண்டி நகரும்." எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது! வீட்டுக்கு வந்து அவரிடமே சொன்னேன். அவர் சிரித்தார்.

"எத்தனை நாளா?" என்று கேட்டேன்.

"என்ன எத்தனை நாளா?"

அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்தார். "வலது பக்கம் கொஞ்சம் மந்தம். இடது பக்கம் தேவலாம்."

"போன வருஷ டெஸ்ட்டுல?"

"காதுல ஹெட்போனை மாட்டி விடுவாங்க. பீப்னு கேட்டா கையைத் தூக்கணும். அந்த நர்ஸ் பட்டனை அழுத்தறது அலமாரிக் கண்ணாடியில தெரிஞ்சுது. பாத்துப் பாத்துத் தூக்கினேன்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். கண் பரிசோதனை எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறவர்களை முதல் வரியிலேயே பிடித்துவிடுவேன். என் வீட்டிலேயே ஒருவர் வருஷக்கணக்கில் என்னை ஏய்த்திருக்கிறார். அவர் மேல் கோபம் வந்தது. என் மேல் அதைவிட.

"வண்டியில நாப்பது பிள்ளைங்க."

"தெரியாதா எனக்கு? கண்ணாடியைப் பாக்காம ஒரு நாள் வண்டியை எடுத்திருக்கேனா? அவங்க கையாட்டாம பிரேக்கை விட்டதில்ல."

"கையாட்ட நேரம் இல்லேன்னா கத்தத்தான் செய்வாங்க. இப்ப நான் கத்தின மாதிரி."

அவர் ஹோஸையே பார்த்துக்கொண்டிருந்தார். "வண்டி போச்சுன்னா நான் என்ன பண்றது? ஐம்பத்தோரு வயசுல எவன் வேலை குடுப்பான்? கொக்கி அடிச்சுப் பொழைக்கவா?"

"நான் அதைச் சொல்லல."

"வேற எதைச் சொல்ற?" குரல் ஏறியது. "கேக்கவே கேக்காதுன்னு முடிவு பண்ணிட்டியா? இது பட்டறை, இரைச்சல். பஸ்ஸு வேற." விருட்டென்று எழுந்தார். "சரி, நீயே பாரு. நான் சுவத்தைப் பாத்து நிக்கறேன். நீ கொடிக்கிட்ட போய் நின்னு பேசு. கத்தக் கூடாது, சாதாரணமா. கேட்டா கையைத் தூக்கறேன். கேக்கலேன்னா செவ்வாக்கிழமை நானே போய்ச் சாவியைக் குடுத்துடறேன். சத்தியமா."

"விளையாடாதீங்க."

"போ. போய் நில்லு."

போனேன். ஈரப் போர்வைக்கு இந்தப் பக்கம், பத்தடி இருக்கும். அவர் கையுறையைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றார். சட்டை முதுகு முழுக்க நனைந்து ஒட்டியிருந்தது.

"துணி இன்னும் காயல," என்றேன்.

கையைத் தூக்கினார். எனக்கு உயிர் வந்தது. கேட்டிருக்கிறது! கடவுளே, இன்னும் ஒரு தடவை என்று வேண்டிக்கொண்டேன். அவர் கையை இறக்கினார்.

"டீ போடட்டுமா?" என்றேன், இன்னும் கொஞ்சம் தாழ்த்தி.

இரண்டு நொடி போயிற்று. கை உயர்ந்தது. இறங்கியது.

மூன்றாவதாக என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. பயப்படாதீங்க என்று சொல்லலாமா, எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே என்று சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டு அவருடைய முதுகையே பார்த்தபடி நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அவர் கையைத் தூக்கினார். முன்பைவிட உயரமாக, தயக்கமே இல்லாமல். தூக்கிய கையை இறக்காமல், சுவரைப் பார்த்தபடியே, "அடுத்தது சொல்லு," என்றார்.