பன்றிச் சிறுநீரகக்காரர் கல்யாணம் பேசிய கதை

1

இது என் கற்பனை இல்லை. ஆஸ்பத்திரியில் சட்ட ஆலோசகராக இருக்கும் என் அக்கா சாப்பிடும்போது சொன்னது. (சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் சொன்னாள். வக்கீல் புத்தி.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘இருண்ட அறுவை அரங்கில், ஒரு பன்றியின் சிறுநீரகம்...’

“அங்க வெளிச்சம் கண்ணைக் கூசும்டா” என்றாள் அக்கா. அந்த வரியை அடித்துவிட்டேன்.

2

மனைவியை இழந்த லிஃப்ட் மெக்கானிக் ஒருவர். சிறுநீரகம் இரண்டும் பழுது. மனித உறுப்புக்குக் காத்துக் காத்து அலுத்துப்போய், மரபணு மாற்றிய பன்றியின் சிறுநீரகத்தைப் பொருத்திக்கொண்டார். அது ஒழுங்காக வேலை செய்தது. அவரும் வேலைக்குத் திரும்பினார்.

ஒரே ஒரு நிபந்தனை. பன்றியிடமிருந்து தெரியாத கிருமி ஏதாவது தொற்றி ஊருக்கே பரவிவிடக் கூடாதல்லவா? அதனால் ஆயுள் முழுக்க ரத்தப் பரிசோதனை. அவருக்கு மட்டுமில்லை, அவரோடு சேர்ந்து வாழ்பவருக்கும். நான்தான் தனிக்கட்டையாச்சே என்று மனிதர் குஷியாகக் கையெழுத்துப் போட்டார்.

[நிபந்தனையை எழுதியவள் என் அக்கா. இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்.]

அதன்பிறகுதான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாவின் கட்டடத்தில் லிஃப்ட் அடிக்கடி நின்றது; சரிசெய்யப் போய்ப் போய் இருவருக்கும் பழக்கமானது. அவரே நிறுத்தினார் என்று எழுதிப் பார்த்தேன். அப்படிப்பட்ட ஆள் இல்லையாம். லிஃப்ட்தான் கிழடு.

3

நின்றுபோன லிஃப்டுக்குள் அவர் மனம் திறப்பதாக... வேண்டாம், சினிமா.

நடந்தது இதுதான். அந்தம்மா அவருக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தார். எழுத்துகளைப் படித்துக்கொண்டே வந்தவர், கடைசி வரியில் நிறுத்தினார்.

“எனக்குள்ள ஓடுறது பன்றியோட கிட்னி. நீங்க சரின்னா கல்யாணம் பண்ணிக்கலாம். ஆனா காலம் பூரா உங்க ரத்தத்தையும் எடுப்பாங்க.”

அந்தம்மா முகம் சுளிக்கவில்லை. கடைசி வரியைப் படிக்கச் சொன்னார். பிறகு, அந்த நிபந்தனையைத் தானும் படிக்க வேண்டும் என்றார்.

4

இருவரும் அக்காவின் அறைக்கு வந்தார்கள். அந்தம்மா நிதானமாக எல்லாவற்றையும் படித்துவிட்டுக் கேட்டார்:

“கல்யாணம் ஒத்துவரலன்னா விவாகரத்து வாங்கிக்கலாம். இதுல இருந்து எப்படிங்க விலகுறது?”

அக்கா மழுப்பியிருக்கலாம். (என் முதல் பிரதியில் மழுப்பினாள்; அதைப் படித்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வந்துவிட்டாள்.) கிருமி பல வருஷம் கழித்தும் தலைகாட்டலாம், அதனால் விலக முடியாதென்றுதான் எழுதியிருக்கிறது என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“ஆனா நீங்க நோயாளி இல்ல. வரமாட்டேன்னா உங்களைக் கட்டாயப்படுத்த எங்ககிட்ட சட்டம் இல்லம்மா. உங்களை நம்புறதைத் தவிர வேற வழியில்ல.”

மெக்கானிக் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தம்மா தன் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

“ரத்தத்தை இன்னைக்கே எடுத்துக்கங்க. கல்யாணத்துக்கு நான் இன்னும் சரி சொல்லல.”

5

இதை எழுதும்வரை அந்தம்மா சரி சொல்லவில்லை. முறை தவறாமல் இருவரும் வருகிறார்கள். முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்தியபடி நடைவழி பெஞ்சில் உட்கார்ந்து, நர்ஸ் வந்து அதட்டும்வரை சிரித்துப் பேசுகிறார்களாம். அந்தப் பெஞ்சை விட்டு அவர்களை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. கல்யாணம் நடந்தே ஆகவேண்டும் என்பவர்கள், தேதியை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். அந்தம்மாவிடம் கேட்டுவிட்டு.