பாதியில் நின்ற முள்

தௌலா குவான் பாலத்துக்கு அடியில் வண்டிகள் அசையாமல் நின்றபோதுதான் பூங்கோதை எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளைக் கவனித்தாள். பாதிக்கோட்டைத் தாண்டிச் சிவப்பை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. முன்னால் நின்ற பஸ் நகர்ந்தது. கொஞ்ச தூரம் ஓடியதும் முள் இறங்கியது; வண்டி நின்றதும் மறுபடி ஏறியது.

கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தாள். புருஷன் தீனா ஜூன் மாத வெயிலிலும் கழுத்துவரை சால்வையைப் போர்த்திக்கொண்டு, தலையணையில் சாய்ந்து கிடந்தார். சால்வை அசைகிறதா என்று பார்த்தாள். அசைந்தது.

காலையில் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளை மட்டும் தனியே கூப்பிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதுதான் நல்லது, இன்றோ நாளையோ முடிந்துவிடும் என்று சொல்லியிருந்தார். புருஷனிடம் அவள் சொன்னது வேறு: ஒரு வாரம் கழித்து வந்து காட்டச் சொன்னார் என்று. அவர் "அச்சா" என்று மட்டும் சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆம்புலன்ஸ் வேண்டாம் என்றதும் அவர்தான். "அதுல போய் இறங்கினா கிட்வாய் நகரே வாசல்ல வந்து நிக்கும். நம்ம வண்டி போதும்."

"என்ன கோதை, பெருமூச்சா விடுற?" கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"டிராஃபிக்குங்க."

"டிராஃபிக்குக்கு நீ திட்டுவ. பெருமூச்சு விட மாட்டியே."

முள் ஏறுவதைச் சொன்னாள். அவர் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நின்னா ஏறுது, ஓடினா இறங்குதா?"

"ஆமா."

"அப்போ எஞ்சின் ஃபேன் சுத்தல. ஓடுறப்ப காத்து தானா அடிக்குது. நிக்கிறப்ப அதுக்கு வழியில்ல." மூச்சு வாங்கிக்கொண்டார். "ஏசிய அணைச்சிட்டு ஹீட்டரைப் போடு. ஃபுல்லா."

"இந்த வெயில்லயா?"

"எஞ்சின் சூடு உள்ள வந்துரும். எனக்கும் காலைலேருந்து குளிருது."

போட்டாள். அடுப்பைத் திறந்தாற்போல் முகத்தில் அனல் அடித்தது. வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. முள் தயங்கி நின்றது, ஆனால் இறங்கவில்லை. வழியில் வண்டி நின்றுவிட்டால் இவரை எப்படிக் கொண்டுபோவது? இங்கேயே ஏதாவது ஆகிவிட்டால்? நினைப்பை அதற்குமேல் போகவிடாமல் அடக்கினாள்.

போன் அடித்தது. மகள் வைஷ்ணவி. "அம்மா, எங்க இருக்கீங்க? ஆக்சிஜன் சிலிண்டர் வந்துடுச்சு. கொண்டுவந்த பையா மாட்டிக் காட்றேன்னு வெயிட் பண்றார். ஜல்தி வாங்கம்மா."

"வந்துட்டேண்டி" என்று வைத்தாள்.

"ஓரமா நிறுத்து" என்றார் தீனா. "எஞ்சினை அணை. பானெட்டைத் திற. பேட்டரி பக்கத்துல ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். மூடிக்கு உள்பக்கம் படம் போட்டிருக்கும்."

மோத்தி பாக் திருப்பத்தில், ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினாள். துப்பட்டாவைக் கையில் சுற்றிக்கொண்டு பானெட்டைத் தூக்கினாள். பெட்டியைத் திறந்து படத்தில் இருந்ததைக் கத்திப் படித்தாள். திறந்த ஜன்னல் வழியே அவர் குரல் துண்டு துண்டாக வந்தது. ஃபேனுக்குக் கரண்ட் விடுற குட்டிக் கட்டை, ரிலே, அதைப் பிடுங்கு. ஹாரனுக்கும் அதே மாதிரி ஒண்ணு இருக்கும். அதை எடுத்து இதுல சொருகு.

"அப்புறம் ஹாரன்?"

"அடிக்காது."

"டெல்லியில ஹாரன் இல்லாமயா?"

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, அடங்க நேரமாயிற்று. அவள் ஓடிவந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். சட்டைக்குள் எலும்பு தட்டியது.

"போ, முடி" என்றார்.

ரிலே அசையவே இல்லை. நகம் ஒடிந்தது. ஆட்டி ஆட்டி இழுத்ததும் கையோடு வந்தது. மாற்றிச் சொருகிவிட்டு வந்து சாவியைத் திருப்பினாள். முன்னால் பெரிய இரைச்சலுடன் ஃபேன் சுழன்றது.

"கேக்குதா?" என்று திரும்பினாள்.

"கேக்குது." கண்ணைத் திறந்து அவளையே பார்த்தார். "வொர்க்‌ஷாப்ல சொல்லிப் புது ரிலே மாத்திரு. நீ ஒருத்தியா ஓட்டிட்டுப் போறப்ப எங்கயும் நின்னுடக் கூடாது."

பூங்கோதை ஸ்டீயரிங்கைப் பார்த்தாள்.

"ரெண்டு பேருமா போய் மாத்துவோம்" என்றாள்.

அவர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

வண்டியை எடுத்தாள். குறுக்கே வந்த ஆட்டோவைப் பார்த்து ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, "பையா, ஹட்டோ!" என்று கத்தினாள். அடுத்த சிக்னலில் நின்றபோது முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதிக்கோட்டுக்கு இறங்கியிருந்தது; ஏறவில்லை. அதற்கடுத்த நெரிசலிலும் பாதிக்கோட்டிலேயே நின்றது. காலையிலிருந்து முதல் தடவையாக அவளுக்கு நெஞ்சு லேசாயிற்று.

"பாருங்க, அசையவே இல்ல" என்றாள்.

சரோஜினி நகர் சிக்னலில் நின்றபோதுதான் பதில் வரவில்லை என்பது உறைத்தது. கண்ணாடியில் பார்த்தாள். தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. சால்வையைப் பார்த்தாள். பச்சை விழும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்; அது அசையவில்லை. பின்னால் வண்டிகள் அலறின. கியரைப் போட்டு, வேகத்தைக் கூட்டாமலும் குறைக்காமலும் ஓட்டினாள்.

குவார்ட்டர்ஸ் வாசலில் வைஷ்ணவி சக்கர நாற்காலியோடு நின்றிருந்தாள். "ஏம்மா இவ்ளோ வேர்த்திருக்கு? அப்பா தூங்குறாரா?"

பூங்கோதை இறங்கிப் பின்கதவைத் திறந்தாள்.

"மேல போய் அந்தப் பையாவைக் கூட்டிட்டு வா" என்றாள். "அவசரமில்ல. மெதுவாவே வரட்டும்."

வைஷ்ணவி தாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை விட்டுவிட்டுப் படியேறினாள்.

தீனாவின் ஒரு செருப்பு கழன்று முன் சீட்டுக்கு அடியில் போயிருந்தது. கொதிக்கும் தரையில் பூங்கோதை மண்டியிட்டாள். கையை உள்ளே விட்டு அதை எடுத்தாள். அவர் பாதத்தில் மாட்டி, வாரைச் சரியாக இழுத்துவிட்டாள்.