நடுவில் நிற்க ஓர் ஆள்

சண்டைக்குப் போன ஹஸாரா சிங் பஸ்ராவில் செத்துப்போனதை, விடுப்பில் வந்த அவனுடைய பட்டாளத்துக்காரன் ஒருவன் வந்து சொன்னான். குண்டு பாய்ந்து சாகவில்லை. வயிற்றுப்போக்கு. அங்கேயே எரித்துவிட்டார்களாம்.

எங்கள் ஊரில் சாவு விழுந்தால் பெண்கள் முற்றத்தில் வட்டமாக நிற்பார்கள். செத்தவனின் தாயோ மனைவியோ நடுவில் நிற்பாள். நாவிதர் வீட்டு ஜீவணி கோதுமைக் கூலிக்கு அவன் பேரைச் சொல்லி ஒப்பாரி எடுப்பாள். மற்றவர்கள் மாரில் அறைந்துகொண்டு வாங்கிப் பாடுவார்கள். நடுவில் நிற்கிறவள் விழுகிற வரை அது ஓயாது. சில வருடங்களாக அதெல்லாம் இல்லை. நிறுத்தியவர் ஹஸாராவின் அப்பா, சீக்கியச் சீர்திருத்தம் பேசும் சிங் சபையின் ஞானி வரியாம் சிங்.

அவர் செய்தது கொஞ்சமல்ல. குருத்வாராவிலிருந்து சிலைகளை வெளியேற்றினார். தோல் தொழிலாளி கிண்டிய பிரசாதத்தை முதல் ஆளாகக் கை நீட்டி வாங்கித் தின்றார். அதற்காக, குருத்வாராவைத் தன் கையில் வைத்திருந்த மகந்தின் ஆட்கள் அவர் மண்டையை உடைத்தார்கள். வெள்ளைக்காரப் போலீஸ் உடைத்தவனை விட்டுவிட்டு இவரைப் பிடித்துப் போனது. இவற்றில் எதையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஒப்பாரியை நிறுத்திய அன்று மட்டும் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டார். சபை நடுவே ஜீவணியைக் காட்டி, "நம்ம கண்ணீரு இவளுக்குக் கோதுமை வயலு. அழ அழ அறுவடைதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஜீவணியும் சிரித்தாள், வேறென்ன செய்வாள்.

அந்த ஜீவணிதான் இப்போது முதலில் வந்தாள். வரியாம் சிங் வாசலில் நின்றார். எதிரே மகந்தின் கையாள் லாப் சிங்கும் இன்னும் நாலு பேரும் வேடிக்கை பார்க்க நின்றார்கள்.

"ஞானிஜி, கோதுமை வேணாம். உள்ள விடுங்க. உங்க பிள்ளையை இந்தக் கையால குளிப்பாட்டியிருக்கேன்."

"கிரந்தம் வாசிக்கப் போறோம். உக்காந்து கேளு."

"விடுங்க ஞானிஜி, அழுதுட்டுப் போகட்டும்" என்றார் லாப் சிங். "ஊருக்குச் சொன்ன சட்டம் வீட்டுக்கு எதுக்கு?"

அந்த ஒரு பேச்சு போதும். வரியாம் சிங் கதவைச் சாத்தினார்.

உள்ளே ஹஸாராவின் அம்மா உத்தம் கவுர் முற்றத்தின் நடுவில் வந்து நின்றிருந்தாள். யாரும் சொல்லவில்லை, கால் தானாக வந்திருக்கிறது. கை மார்புவரை உயர்ந்திருந்தது.

"ஹஸாரா அப்பா, ஒரே ஒரு தடவை. வெளிய கேக்காம."

"வெளிய நிக்கிறவன் அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கான். எல்லாம் அவன் சித்தம்னு ஏத்துக்க."

"யாரு சித்தம்? லாப் சிங்கோடதா?"

அவர் வாசிப்புக்குப் பாய் விரிக்கப் போனார். அவள் கையை இறக்கினாள். உள்ளே போய்ப் பிரசாதத்துக்கு மாவை வறுக்க ஆரம்பித்தாள்.

பிறகு அவள் அழவே இல்லை. சமைத்தாள், நூற்றாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். பிரார்த்தனையில் எல்லோரும் "வாஹேகுரு" என்று சொல்லும்போது மட்டும் அவள் வாய் திறக்காது. வரியாம் சிங்குக்கு அது தெரியும். பெண்கள் பக்கத்திலிருந்து வரும் அத்தனை குரலில் அந்த ஒன்றைத் தேடியே அவருக்குப் பிரார்த்தனை முடிந்துபோகும். சபையோ அவர் வீட்டை ஊர் ஊராக எடுத்துக்காட்டிப் பேசியது. அவரும் போய் மேடையில் உட்கார்ந்திருந்தார்.

உத்தம் கவுர் போன மாசியில் செத்தாள். பெண்கள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், அமைதியாக வாசிப்பைக் கேட்டார்கள். அவர் விரும்பிய மாதிரியே ஒரு சாவு வீடு. சிதை ஆறிய பிறகு அவர் ஜீவணியின் வீட்டுக்குப் போனார்.

"ஜீவணி, அவளுக்காக ஒரு தடவை பாடு. பையனுக்கும் சேர்த்து."

ஜீவணி கயிற்றுக்கட்டிலை இழுத்துப் போட்டாள். "நடுவுல நிக்க ஆள் வேணும் ஞானிஜி. அன்னிக்கு இருந்தா."

"நான் நிக்கறேன்."

"தாடிக்காரரு நடுவுல நின்னு எந்த ஊருல பாத்தீங்க?" என்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. எழுந்து முற்றத்தின் நடுவில் போய் நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஜீவணி தொண்டையைச் செருமினாள். "ஐயோ என் ஹஸாரா..." என்று மெல்ல எடுத்தாள்.

மாவு பிசைந்துகொண்டிருந்த ஜீவணியின் மருமகள் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். முற்றத்தில் ஆண்பிள்ளை நிற்பதைக் கண்டதும், யாரென்று பாராமலே முக்காட்டை மோவாய்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஞானிஜி முக்காட்டையும் எதிர்த்துப் பேசியிருக்கிறார், அது யார் காதிலும் ஏறவில்லை. இப்போது அவளுக்குத் தெரிந்தது அவருடைய செருப்பு மட்டும்தான்.

"பேபே, வாயை மூடு! என்ன பைத்தியமா உனக்கு?" என்று மாமியாரை அதட்டினாள். "ஞானிஜி காதுல விழுந்தா நம்ம கதி என்ன? பெத்த பிள்ளைக்கே அழ விடாத மனுஷன்."

ஜீவணி நிறுத்திக்கொண்டாள்.

வரியாம் சிங் பாதி உயர்த்திய கையை இறக்கினார். வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வெளியே போனார்.