மூன்று தரம் கழுவிய கை

ராசிபுரத்தில் சாயப்பட்டறை வைத்திருந்த தண்டாயுதபாணி சென்னைச் சட்டசபைக்கு நிற்கப் போகிறார் என்று தெரிந்ததும், சந்தையில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நூல் விலையைக் குறைக்கத்தான் என்றான் ஒருவன். காசு சேர்ந்தால் கிறுக்கும் கூடவே சேரும் என்றான் இன்னொருவன். அவரையே கேட்டால், "நெசவுக்காரனுக்குன்னு பேச ஒரு ஆள் வேணுமுங்களே" என்பார். அது பொய்யில்லை. ஆனால் காரணம் அதுவும் இல்லை.

பட்டறைக்கு முதலாளி என்றாலும் கூலியாளை ஏவிவிட்டு நிழலில் உட்காருகிறவர் அல்ல அவர். மீசை முளைத்த நாளிலிருந்து நீலத் தாழிக்குள் முழங்கை வரை விட்டு நூலை முக்கி எடுத்தவர். அந்த நீலம் நகக்கண்ணில் ஏறி, ரேகைக்குள் இறங்கி, தோலோடு தோலாகிவிட்டிருந்தது.

போன ஐப்பசியில், சுற்று வட்டாரத்து நிலமெல்லாம் கையில் வைத்திருந்த மிட்டாதார் பங்களாவில் ஒரு விருந்து. சென்னையிலிருந்து வந்த வெள்ளைக்காரத் துரை ஒருவருக்காக ஊர் வியாபாரிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். துரை கையை நீட்டினார். பெரியவர்கள் எதை நீட்டினாலும் இரு கையாலும் வாங்கிப் பழகிய தண்டாயுதபாணி, அந்தக் கையையும் இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். காலையில் தாழியில் முக்கிய கை. பதற்றத்தில் வேர்த்தும் இருந்தது. துரையின் வெள்ளைச் சட்டைக் கை முனையில் நாலு விரலும் அப்படியே பதிந்துவிட்டன.

துரை சிரித்துவிட்டு நகர்ந்தார். மிட்டாதாருக்குத்தான் பொறுக்கவில்லை. "டேய், சீயக்காயும் தண்ணியும் கொண்டாங்கடா. இவன் கையைக் கழுவி விடுங்க" என்றார். வாசலில், அத்தனை பேரும் பார்க்க, வேலைக்காரன் செம்பில் மொண்டு ஊற்றினான். ஒரு தரம் கழுவியும் போகவில்லை. இரண்டாம் தரம், மூன்றாம் தரம். "பிறவிக் கறையாட்டம் இருக்குது. கொல்லைப் பக்கம் இலை போட்டுருங்க" என்றார் மிட்டாதார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. தண்டாயுதபாணி ஈரக் கையோடு, சாப்பிடாமல் வீட்டுக்கு நடந்தார்.

அதே மிட்டாதார் தேர்தலுக்கு நிற்கிறார் என்று கேள்விப்பட்ட அன்றே இவரும் சேலம் போய் மனுக் கொடுத்துவிட்டார்.

மார்கழி பிறந்ததும் பட்டறைக்கு வரும் வாய்க்காலில் தண்ணீர் நின்றது. ஏரி தளும்பிக்கொண்டுதான் இருந்தது. மதகு மிட்டாதார் கையில் இருந்தது. பட்டறைக் கிணற்றிலோ உப்புத் தண்ணீர்; ஊர்ப் பொதுக்கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்தாலும் கட்டுபடியாகாது. நீலத் தாழி என்பது வெறும் சாயத் தண்ணீர் அல்ல. தகரை விதையும் சுண்ணாம்பும் போட்டுப் புளிக்க வைத்து, மாட்டுக்குத் தீனி வைப்பதுபோல் தினமும் நல்ல தண்ணீரும் தீனியும் கொடுத்து உயிரோடு வைத்திருக்க வேண்டியது. பட்டினி போட்டால் செத்துவிடும். நாற்றமெடுக்கும். பிறகு நூலில் நிறம் பிடிக்காது.

மனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம், மிட்டாதாரின் காரியக்காரர் பாலசுந்தரம் வந்தார். மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டே தாழியை எட்டிப் பார்த்தார்.

"என்னுங்க முதலாளி, வாசனை பலமா இருக்குது?"

"உங்க எஜமான் அனுப்பின சீருங்க" என்றார் தண்டாயுதபாணி.

"வீம்பு எதுக்குங்க? நாளைக்குச் சேலத்துல ஒரு கையெழுத்துப் போடுங்க. நீங்க ஊடு திரும்பறதுக்குள்ள வாய்க்கால்ல தண்ணி வரும். பொங்கலுக்கு எஜமான் பக்கத்துலயே உங்களுக்கு நாற்காலி."

"கை கழுவிட்டு உக்காரோணுமா, கழுவாமயே உக்காரலாமா?"

பாலசுந்தரம் தரையைப் பார்த்தார். "அதை இன்னுமா நெனச்சுக்கிட்டு இருக்கறீங்க? நீங்க நின்னாலும் செயிக்கப் போறதில்லீங்க. மஞ்சப் பெட்டிக் கதர்க்காரங்க வாரிக்கிட்டுப் போவாங்க. உங்களால நெசவுக்காரங்க ஓட்டு எங்களுக்குக் கொறையும், அவ்வளவுதான்."

"அது போதுமுங்க எனக்கு."

அவர் போனபின் தண்டாயுதபாணிக்கு அந்தத் தைரியம் நிலைக்கவில்லை. தாழி ஓரத்தில் குந்தினார். பட்டறையை நம்பி எத்தனை அடுப்பு எரிகிறது! ஒருத்தன் பட்ட அவமானத்துக்கு இத்தனை பேர் வயிறு காய வேண்டுமா? ஊருக்குச் சொல்லும் காரணம் பெரியது; உள்ளே இருப்பதோ ஒரு செம்புத் தண்ணீர்.

மனைவி நல்லம்மாள் வந்து நின்றாள். "ஏனுங்க, செயிப்பீங்களா?"

"மாட்டேன்."

"அப்புறம் எதுக்குங்க இத்தனை பாடு?"

விருந்து நடந்த அன்று வயிறு சரியில்லை என்று சொல்லித்தான் அவர் பட்டினியாகப் படுத்திருந்தார். இப்போது நடந்ததை நடந்தபடி சொன்னார். சீயக்காய், மூன்று செம்பு, கொல்லைப்புற இலை, சிரிப்பு. சொல்லி முடித்து, "இதுதான் காரணம். வேற பெருசா ஒண்ணுமில்ல. ஊர்ல கேட்டாச் சிரிப்பாங்க" என்றார்.

நூல் அலசிக்கொண்டிருந்த செல்லாயி, பட்டறையில் பழைய ஆள், விசுக்கென்று நிமிர்ந்தாள். "எவன் சிரிப்பான்? அவனூட்டுக் கல்யாணத்துக்குக் கட்டின நீலப்பட்டு எந்தக் கையில நனைஞ்சதாம்? இந்தா பாருங்க." நீலம் பாரித்த தன் இரண்டு கைகளையும் நீட்டினாள். "அப்ப எங்க கையும் கொல்லைக்குப் போற கைதானுங்களே? கையெழுத்துப் போட்டுட்டு வந்தீங்கன்னா, நாளையிலேர்ந்து வேற முதலாளியைப் பாத்துக்குவேன், ஆமா!"

"தாழி செத்துப்போகுமே, செல்லாயி."

"சாகட்டும். தாழியை மறுபடி கட்டிக்கலாம்."

நல்லம்மாள் உள்ளே போய், சேலத்துக்குக் கட்டிக்கொண்டு போக வெளுத்து வைத்திருந்த வேட்டியையும் சட்டையையும் எடுத்து வந்தாள். ஒரு நிமிஷம் தாழியைப் பார்த்தாள். "இதுல இன்னும் ஒரு முக்குக்கு உசுரு இருக்குதுங்களா?" என்றாள்.

மறுநாள் சேலத்துத் தேர்தல் அலுவலகத் தாழ்வாரத்தில் ஒரே வெள்ளை. வேட்பாளர்களும் வக்கீல்களும் சலவை மடிப்புக் கலையாமல் நின்றார்கள். அவர்களுக்கு நடுவே திட்டுத் திட்டாக நீலம் ஏறிய வேட்டி சட்டையோடு தண்டாயுதபாணி படியேறி வந்தார். வெளியே, அவர் மனுவைத் திரும்பப் பெறப்போகிறார் என்று கேள்விப்பட்டு வந்த வெண்ணந்தூர், ஆட்டையாம்பட்டிப் பக்கத்து நெசவாளிகள் கூட்டமாக நின்றிருந்தார்கள்.

"வாப்பா, வா" என்று மிட்டாதார் முகமெல்லாம் பல்லாக எதிரே வந்தார். "எழுதித் தயாரா வெச்சிருக்குது. கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்."

"அது இருக்கட்டுமுங்க. ரெண்டு பேரும் ஒரே சபைக்கு நிக்கறோம். முதல்ல கையைக் குடுங்க."

தண்டாயுதபாணி கையை நீட்டினார். கிளம்பும்போது கடைசியாக ஒருமுறை தாழியில் முக்கிய கை. பஸ்ஸில் வந்த புழுக்கத்தில் நன்றாக வேர்த்திருந்தது. மிட்டாதாரின் சிரிப்பு பாதியில் நின்றது. வெளியே பார்த்தார். அத்தனை கண்ணும் அந்தக் கையின் மேல்தான் இருந்தன, அத்தனையும் ஓட்டு. இரண்டு விரலை மட்டும் நீட்டினார். தண்டாயுதபாணி விருந்தன்று செய்தது போலவே இரு கையாலும் முழுக் கையையும் வாரிப் பற்றி, ஆற அமர அழுத்திய பிறகே விட்டார்.

"வீட்டுக்குப் போய்க் கழுவிக்குங்க சாமி. மூணு தரம் கழுவினாலும் போகாது. நான் பாத்தவன்."

வெளியே யாரோ விசில் அடித்தார்கள். கையெழுத்துப் போடாமலே அவர் படியிறங்கினார்.

அவர் ராசிபுரம் திரும்பியபோது தெருமுனையிலேயே நாற்றம் வந்துவிட்டது. தாழி செத்திருந்தது. நல்லம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அடிச்சேற்றை வழித்துக் கொட்டிக்கொண்டிருந்தாள். செல்லாயி ஊர்ப் பொதுக்கிணற்றுக்குக் குடத்தோடு போயிருந்தாள்.

"போட்டீங்களா?" என்றாள் நல்லம்மாள், நிமிராமல்.

"இல்ல. கை மட்டும் குடுத்துட்டு வந்தேன்."

அவள் வழித்துக்கொண்டிருந்த கொட்டாங்கச்சியை அவர் கையில் திணித்தாள். "அப்ப இதைப் புடிங்க. வெடியறதுக்குள்ள கழுவி முடிச்சாத்தான் நாளைக்கு ஓட்டுக் கேக்கப் போக முடியும். நானும் வாரேன்."